பெயர் தெரியாக் கருவிகளும் பெயர் எழுதப்படாக் கைகளும்

வரலாறு என்றவுடன் நம் இளைஞர்தம் நினைவுக்கு வருவன அரசர்தம் பெயர்களும் போர்க்களங்களும் கோபுரங்களுமே ஆகும். பாடநூல்கள் நம்மை அவ்வாறு பழக்கிவிட்டன. கல்லில் பெயர் பொறிக்கச் செய்தவன் வரலாற்றில் இடம் பெற்றான். கல்லைச் சுமந்தவன் இடம் பெற்றானில்லை. அங்ஙனமாயின், கல்லைச் சுமந்தோர் வழியில் வந்த நாம் நம் முன்னோரை எங்கே சென்று தேடுவது? நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில் இவ்வினாவை எழுப்புதல் பொருத்தமுடையதே.

இதற்கு விடை நம் வீட்டுப் பரணிலும் கொல்லைப்புறத்து வேலியோரத்திலும் கிடக்கின்றது. இன்னது என்று பெயர் சொல்லத் தெரியாத துருப்பிடித்த இரும்பும், காம்பு போன கருவியும், ஓட்டை விழுந்த படியும் பழைய இரும்புக் கடைக்குப் போகுமுன் ஒருமுறை நம் கையில் எடுத்துப் பார்க்கத் தக்கவை. அவற்றை இனங்காணும் கலையைப் பற்றிச் சில செய்திகளை இங்கே தொகுத்துரைப்போம்.

கல்லா, கருவியா?

கி.பி. 1863 ஆம் ஆண்டு மே மாதம் 30 ஆம் நாள். இந்திய நிலவியல் துறையைச் சார்ந்த இராபர்ட் புரூஸ் பூட் என்னும் ஆங்கிலேயர், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் படைப்பயிற்சித் திடலுக்கு அருகே, சரளை தோண்டிய குழியொன்றில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். வழிப்போக்கர் காலால் எற்றிவிட்டுப் போகக்கூடிய கல்தான் அது. ஆயின் அதன் இருபுறமும் ஒழுங்காகச் செதுக்கப்பட்டிருந்தன. ஒரு முனை கூர்மையாகவும் மறுமுனை கைக்குள் அடங்குமாறும் இருந்தது. அஃது இயற்கையின் வேலையன்று, மனிதன் கைவேலை என்று அவர் துணிந்தார். இந்தியாவில் இனங்காணப்பெற்ற முதற் பழைய கற்காலக் கருவி அதுவே. அதே ஆண்டில் வில்லியம் கிங் என்பாருடன் சென்று, கொற்றலையாற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். அவ்வூரின் மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழப் பதினைந்து இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை என்று 2011 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு தெரிவிக்கின்றது.

பூட்டுக்கு மட்டும் அக்கல் கருவியாகத் தோன்றியது ஏன்? பிரான்சு நாட்டு ஆற்றுப்படுகைகளிற் கிடைத்த இத்தகைய கற்கள் பண்டை மனிதன் செய்தவையே என்பதனை 1859 இல் அறிஞர் உலகம் ஏற்றுக்கொண்டிருந்தது. அதற்கு முன்னர், இடி விழும்போது வானத்திலிருந்து வீழ்ந்த கற்கள் என்றே ஐரோப்பியப் பாமர மக்கள் பழைய கற்கோடரிகளைக் கருதி வந்தனர். பூட் அப்புதிய செய்தியை அறிந்தவர். அறிந்த மனம் இருந்தால்தான் கண் காணும். அன்றியும் ஒன்று நினைக்கத் தக்கது. அச்சரளைக் குழியை மண்வெட்டி கொண்டு தோண்டியோர் கூலியாட்கள். கருவி புதைந்திருந்த மண்ணை முதலிற் புரட்டியவர் அவர்களே. பூட்டின் பெயரை உலகம் அறியும். அவர்தம் பெயரை அறியாது.

காவிரியின் கடைமடைப் பகுதியிலும் அண்மையில் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. 2006 ஆம் ஆண்டில், மயிலாடுதுறையை அடுத்த செம்பியன்கண்டியூரில், பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுத் தோட்டத்திற் செடி நடக் குழி தோண்டியபோது, வழவழப்பாகத் தீட்டப்பெற்ற புதிய கற்காலக் கைக்கோடரி கிடைத்தது. அதன்மேல் சில குறிகள் காணப்பட்டன. அவர் அதனை எறிந்துவிடாது தொல்லியல் அறிந்தவரிடம் சேர்ப்பித்தார். அக்குறிகள் சிந்துவெளி எழுத்துகளே என்று அறிஞர் ஐராவதம் மகாதேவன் கருதினார். மாற்றுக் கருத்துடைய அறிஞரும் உளர். எங்ஙனமாயினும், குழி தோண்டிய ஆசிரியர் நின்று பார்த்திராவிடின் அவ்வாராய்ச்சியே எழுந்திராது.

உறையூர் காட்டும் பாடம்

நம் திருச்சிராப்பள்ளி நகரத்திற்கே வருவோம். சோழர்தம் பழைய தலைநகராகிய உறையூரில் 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தார் அகழாய்வு நடத்தினர். கறுப்பு சிவப்பு மட்கலங்களும், பழந்தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும், உரோம நாட்டு மட்கல ஓடுகளும் கிடைத்தன. அவற்றோடு தொட்டி போன்ற ஓர் அமைப்பும் வெளிப்பட்டது. குளிக்கும் தொட்டியா, தானியம் கொட்டும் குழியா என்று எவரும் ஐயுறலாம். ஆய்வாளர் அதனைத் துணிக்குச் சாயம் தோய்க்கும் தொட்டி என்று இனங்கண்டனர்.

இம்முடிவுக்குத் துணையாக ஊரின் தொழில் நின்றது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய செங்கடல் செலவு நூலில், அர்கரு என்னும் உள்நாட்டு ஊரின் பெயரால் வழங்கிய மெல்லிய பருத்தித் துணி ஏற்றுமதியானது குறிக்கப்படுகின்றது. அர்கரு என்பது உறையூரே என்பது அறிஞர் பலர் துணிபு. இன்றும் உறையூர்க் கைத்தறிச் சேலைக்குப் பெயருண்டு. எனவே தனித்து நின்ற ஒரு தொட்டிக்கு ஊரும் தொழிலும் ஏடும் சேர்ந்து சான்று கூறின. ஆயினும் இத்தகைய முடிவுகள் மாறுதற்கும் உரியன. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945 இல் மார்டிமர் வீலர் கண்ட தொட்டிகளும் சாயத்தொட்டிகள் என்றே கருதப்பட்டன. பின்வந்த ஆய்வாளர் சிலர் அதனை ஏற்கவில்லை. இனங்காணல் என்பது தீர்ப்பன்று. மேலும் நல்ல சான்று வருமளவும் நிற்கும் கருத்தே ஆகும்.

கருவியே தன் உடையவன் பெயரைக் கூறுதல் மிக அரிது. தாய்லாந்து நாட்டின் தென்பகுதியில் குவான் லுக் பாட் என்னுமிடத்தில் ஒரு சிறிய நீள்சதுரக் கல் கிடைத்தது. வெறுங்கல்லாயின் அதனை எவரும் பொருட்படுத்தியிரார். அதன்மேல் கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்தில், பெரும்பதன் என்பானது கல் என்னும் பொருள்பட எழுதப்பட்டிருந்தது. பொன்னை உரைத்து மாற்றுப் பார்க்கும் உரைகல் அது. கடல் கடந்து சென்று வேலை செய்த தமிழ்ப் பொற்கொல்லன் ஒருவன் தன் கருவியில் தன் பெயரை எழுதி வைத்தமையால், பதினாறு நூற்றாண்டுகட்குப் பின்னும் நாம் அவனை அறிகின்றோம். எழுதத் தெரிந்த கைக்கு வரலாற்றில் எத்துணை வலிமை என்பதனை நம் இளைஞர் எண்ணிப் பார்ப்பாராக.

இனங்காண ஐந்து வினாக்கள்

பெயர் தெரியாப் பொருளொன்று கிடைத்தால் ஐந்து வினாக்களை வரிசையாக எழுப்புதல் வேண்டும்.

முதலாவது, எங்கே கிடைத்தது? கிணற்றடியிற் கிடைத்தது வேறு, களத்துமேட்டிற் கிடைத்தது வேறு. இடம் தெரியாத பொருள் முகவரி கிழிந்த கடிதத்தை ஒக்கும். இரண்டாவது, எதனாற் செய்யப்பட்டது? மூன்றாவது, எவ்விடம் தேய்ந்துள்ளது? கை பட்ட இடம் வழவழப்பாகும். மண் பட்ட இடம் தேயும். கயிறு ஓடிய இடத்தில் பள்ளம் விழும். செய்தவன் கருத்தை வடிவம் கூறும். பயன்படுத்தியவன் உழைப்பைத் தேய்மானம் கூறும். நான்காவது, இதனில் இல்லாதது எது? மரக்காம்பு, கயிறு, தோல் ஆகியன மட்கிப்போக இரும்பு மட்டும் எஞ்சியிருக்கும். எஞ்சியதை மட்டும் பார்ப்பவன் ஏமாந்து போவான். ஐந்தாவது, இதனைக் கையாண்டவர் எவரேனும் உயிரோடு உளரா?

இவ்வைந்தும் விடை தாராவிடின், தெரியவில்லை என்று எழுதி வைத்தலே நேர்மை. உரோமர் ஆட்சிக் காலத்தில் ஐரோப்பாவின் வடமேற்குப் பகுதிகளிற் செய்யப்பட்ட வெண்கலப் பொருள் ஒன்றுண்டு. பன்னிரண்டு முகங்கள், முகத்துக்கு ஒரு துளை, துளைகள் வெவ்வேறு அளவின, மூலைகள் தோறும் ஒரு குமிழ். நூற்றுக்கு மேற்பட்டவை கிடைத்துள்ளன. அளவுகோல் என்பர் சிலர், விளக்குத்தண்டு என்பர் சிலர், விளையாட்டுப் பொருள் என்பர் சிலர். அதன் பயனைக் கூறும் பழைய ஏடு ஒன்றுமில்லை. அதனைக் கையாண்ட கை மறைந்தது. கேட்டறிந்தார் எவரும் எழுதி வைக்கவுமில்லை. பேரரசு ஒன்றின் பொருளுக்கே இந்நிலையாயின், குடிசையிற் பயன்பட்ட கருவியின் நிலை என்னாகும்?

அடியில்லாத வாளி

ஐந்தாம் வினாவின் அருமையை நாம் நம் பள்ளியிலேயே கண்டோம். பழம்பொருட் காட்சியொன்று வைக்கும் பொருட்டு மாணவரை வீட்டிலுள்ள பழைய கருவிகளைக் கொண்டுவரப் பணித்தோம். ஒரு மாணவன் பெரிய இரும்புக் கலம் ஒன்றைத் தோளிற் சுமந்து வந்தான். வாய் அகன்றிருந்தது. அடிப்புறத்திலோ வட்டமான பெருந்துளை. அடி இற்றுப்போன வாளி என்றனர் மாணவர். புகைபோக்கியின் பகுதி என்றார் ஆசிரியர் ஒருவர். துளையின் விளிம்பைச் சுற்றிச் சிறு துளைகள் ஒழுங்காக அமைந்திருந்தன. இற்றுப்போன இரும்பில் ஒழுங்கு இராதன்றோ?

சேரியிலிருந்து முதியவர் ஒருவரை வரவழைத்தோம். பள்ளிக்கூடத்து நாற்காலியில் அமரத் தயங்கிய அவரை வற்புறுத்தி அமரச் செய்தோம். கலத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "இது வாளி இல்லீங்க ஐயா, கவலைச் சாலு. இதுக்குத் தோல்ல வாலு இருந்துச்சு. அது போயிருச்சு" என்றார்.

காவிரிப் பாசனம் எட்டாத முசிறி, துறையூர்ப் பகுதிகளின் மேட்டு நிலங்களில், எண்ணெய் எந்திரமும் மின் இறைப்பியும் வருமுன் கிணற்று நீரை இறைத்தது கவலையே. கமலை என்றும் கூறுவர். சாலின் அடித்துளையில் நீண்ட தோற்குழாய் ஒன்றைப் பொருத்துவர். அதுவே வால். சாலை மேலே இழுப்பது வடக்கயிறு. அது கிணற்றின் மேலமைந்த உருளைமீது ஓடும். வாலின் நுனியைப் பிடித்திருப்பது வால்கயிறு. அது கீழே வாய்க்கால் ஓரத்தில் கிடக்கும் உருட்டுக்கட்டைமீது ஓடும். மாடுகள் சரிவில் இறங்கும்போது சால் நீருடன் எழும். அப்போது வால் மேனோக்கி மடிந்து நிற்றலால் நீர் சிந்தாது. சால் கிணற்று வாய்க்கு மேலெழுந்ததும் வாலின் நுனி வெளியே இழுபட்டு நீரைத் தொட்டியிற் கொட்டிவிடும். சாலைக் கவிழ்க்க வேறோர் ஆள் வேண்டுவதில்லை. ஓர் ஆளும் ஓரிணை மாடும் நாள் முழுதும் இறைக்கலாம். வடக்கயிறும் வால்கயிறும் நீளத்தில் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தாலன்றி இது நடவாது.

இவ்வமைப்பின் உயிர்நிலை எது? தானே திறந்து தானே கொட்டும் அத்தோல் வாலே ஆகும். அதனைப் பதப்படுத்தியும் வெட்டியும் நீர் ஒழுகாது தைத்தும் தந்தவர் யாவர்? தோலைத் தொட்டமையால் தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட நம் மக்களே. அத்தோல் வழியே பாய்ந்த நீர் தீட்டாகவில்லை. அந்நீரில் விளைந்த தானியமும் தீட்டாகவில்லை. தைத்த கை மட்டுமே தீட்டாயிற்று. இக்கொடுமையை நூறு மேடைப் பேச்சுகளைவிட அந்த அடியில்லாத வாளி தெளிவாக எடுத்துரைக்கின்றது. இரும்பு எஞ்சியது, தோல் மட்கியது. எஞ்சியதை மட்டும் காட்சியில் வைத்து வாளி என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டால், நம் முன்னோர் செய்த பகுதியும் அவர்தம் அறிவும் ஒருங்கே மறைந்துவிடும். இல்லாதது எது என்னும் நான்காம் வினாவை நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

மரக்காலின் முத்திரை

இனித் திருவரங்கத்திற்குச் செல்வோம். கோயிலினுள்ளே உயர்ந்த வட்டவடிவக் கட்டடங்கள் சில நிற்கின்றன. சன்னதியுமன்று, மண்டபமுமன்று. வெளியூரார் பலர் இவை யாவை என்று வியந்து கேட்பதுண்டு. இவை நெற்களஞ்சியங்கள்; கொட்டாரம் என்பது பெயர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவிலும் அப்பாலுள்ள நஞ்சைகளிலும் விளைந்த நெல் இத்தகைய களஞ்சியங்களையே நிறைத்தது. நட்டவரும் அறுத்தவரும் அடித்தவரும் பெரும்பாலும் சேரி மக்கள். அவர்கள் நெல் கோயிலுக்குள் சென்றது. அவர்கள் செல்ல இயலவில்லை. 1939 ஆம் ஆண்டுச் சட்டம் கதவைச் சிறிது திறந்தது. 1947 ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டமே சென்னை மாகாணம் முழுதும் அதனை உரிமையாக்கியது.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் வரி நீக்கப்பட்ட நிலங்களைக் கூறுமிடத்து, ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் குறிக்கின்றன. அளக்கும் மரக்காலுக்கு அங்கே ஆடவல்லான் என்னும் இறைவன் பெயர் வழங்கிற்று. மரக்காலுக்குக் கிடைத்த பெயர்கூடச் சேரியில் வாழ்ந்தவனுக்குக் கிடைக்கவில்லை.

அம்மரக்காலும் இன்று பெயர் தெரியாப் பொருள்களுள் ஒன்றாகி வருகின்றது. எட்டு நாழி கொண்டது ஒரு மரக்கால். குறுணி என்பதும் அதுவே. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவை வந்தபின் இவ்வாய்பாடு வழக்கொழிந்தது. பழைய மரக்கால் கிடைத்தால் முதலில் முத்திரை உளதா என்று பாருங்கள். அரசு சரிபார்த்து இட்ட அடையாளமே முத்திரை. பின்னர் உள்ளே கை விட்டு அடிப்பலகையின் கனத்தைத் தடவிப் பாருங்கள். அடியைக் கனமாக்கினும் விளிம்பைச் சிறிது சீவினும் கொள்ளளவு குறையும். வாங்கும்போது கூம்பாகக் குவித்து அளப்பதும், கொடுக்கும்போது தலைதட்டி அளப்பதும் மற்றொரு சூழ்ச்சி. ஒரே களத்தில் கொள்ளும் அளவு ஒன்றாகவும் கூலியளவு வேறாகவும் இருந்த கொடுமையை நம் பாட்டிமார் இன்றும் கூறுவர்.

கீழைத் தஞ்சைப் பகுதியில் பி. சீனிவாசராவ் வழிகாட்ட உழவுத் தொழிலாளர் எழுந்தபோது, முத்திரை மரக்காலால் கூலி அளக்கப்பட வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கையாயிற்று. 1944 இல் மன்னார்குடியில் ஏற்பட்ட உடன்படிக்கை சவுக்கடியையும் சாணிப்பால் புகட்டுதலையும் ஒழிக்க வழி செய்தது. எனவே ஒரு மரக்காலில் முத்திரை இருப்பதும் இல்லாதிருப்பதும் சிறிய செய்தியன்று. அதில் நீதியின் வரலாறே அடங்கியுள்ளது.

வெட்கமா, சான்றா?

இளைஞர் சிலர் கேட்கலாம்: இழிவின் அடையாளங்களை ஏன் தேடிச் சேர்க்க வேண்டும்? அவற்றை மறந்து முன்னேறுவதன்றோ அறிவுடைமை? இவ்வினாவில் நியாயம் உண்டு. நம்மவருள் பலர் பழைய கருவிகளை எடைக்குப் போட்டமைக்கு வறுமை மட்டும் காரணமன்று. மகன் அதனைத் தொடக்கூடாது என்னும் வைராக்கியமும் காரணம். அவ்வைராக்கியமே நம்மைப் பள்ளிக்கு அனுப்பியது. அதனை நாம் குறை கூறோம்.

ஆயினும் கருவியைக் கையாளுதல் வேறு, அதனை அறிதல் வேறு. கவலை இறைக்க நம் பிள்ளைகள் திரும்ப வேண்டுவதில்லை. ஆனால் கவலையின் நுட்பத்தை அறிந்த பிள்ளை, தன் பாட்டனை அறிவற்றவன் என்று ஒருபோதும் நினையாது. அடிமைத்தனத்தின் சவுக்கும் கள்ள மரக்காலும் பெருமைக்குரியன அல்ல, வழக்கிற்குச் சான்றாவன. சான்றை அழித்துவிட்டு வழக்காடி வென்றவர் இல்லை. 1907 இல் ஒரு பைசாத் தமிழன் என்னும் இதழைத் தொடங்கிய பண்டிதர் அயோத்திதாசர், நம் மக்களின் மறைந்த வரலாற்றைச் சொற்களிலும் வழக்காறுகளிலும் தேடினார். அவர் சொல்லில் தேடியதை நாம் கருவியிலும் தேடுதல் அப்பணியின் தொடர்ச்சியே ஆகும்.

நாம் செய்யத்தக்கவை

விடுமுறை நாள்களில் இளைஞர் இருவர் மூவராகச் சேர்ந்து தத்தம் தெருவிலுள்ள பழைய கருவிகளைக் கணக்கெடுக்கலாம். பொருளைத் தேய்த்து மெருகேற்றுதல் கூடாது. தேய்மானமும் கறையும் அதன் எழுத்துகள். அருகில் அடிக்கோல் ஒன்றை வைத்துப் புகைப்படம் எடுத்தல் வேண்டும். கிடைத்த இடம், நீளம், எடை, செய்பொருள் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். ஊர் வழக்கில் அதன் பெயர் யாது, ஒவ்வோர் உறுப்பின் பெயர் யாது என்பனவற்றை முதியோர் கூறியவாறே எழுதுதல் வேண்டும். செய்தவர் பெயரும் கையாண்டவர் பெயரும் கிடைப்பின் தவறாது எழுதுதல் வேண்டும். பாட்டியரையும் மறவாது கேளுங்கள். களைக்கொட்டும் கருக்கரிவாளும் முறமும் அவர்தம் கைக்கருவிகள். ஆடவர் அறியாத நுட்பங்களை அவர்கள் அறிவர்.

மண்ணுக்கடியிற் புதைந்த பழம்பொருள் கிடைப்பின் மறைத்தல் கூடாது, விற்றலும் கூடாது. 1878 ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் கடமையாகும். நம் நகரில் இராணி மங்கம்மாள் மண்டபத்தில் அரசு அருங்காட்சியகம் உள்ளது. பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். ஒவ்வொரு பொருளின் முன்னும் நின்று, இதனைச் செய்தவர் யார், சுமந்தவர் யார் என்று கேட்கப் பழக்குங்கள்.

நம் சங்கக் கட்டடத்தில் ஒரு மூலை போதும். ஒரு மரப்பலகை போதும். ஒரு குறிப்பேடு போதும். காலம் மட்டுமே குறைவாக உள்ளது. கவலை இறைத்தவரும் களத்தில் அளந்ததைக் கண்டவரும் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள். அவர்களுள் ஒருவர் மறையுந்தோறும் ஒரு கருவியின் பெயரும் அவரோடு மறைகின்றது. இரும்பு நூறாண்டு காத்திருக்கும். முதியோர் காத்திருக்க இயலாது. ஆதலின், இம்மலரைப் படித்து முடிக்கும் இளைஞர் ஒவ்வொருவரும் இவ்வாரத்திலேயே தம் தெருவின் மூத்தவர் ஒருவரிடம் ஒரு பழைய கருவியைக் கொண்டு சென்று, இதன் பெயர் என்ன என்று கேட்டு எழுதுவாராக.